ஆட்சேபணை இல்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த சேவையகச் செயலி வளர்ச்சி வாரியத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அந்த வேலை முடிந்துவிட்டது என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மலர்க்கொடி கண்டுபிடித்தாள். அதன் பிறகு அவள் நிம்மதியாக இருக்கவில்லை.

பேருந்துக்கு முன்பதிவு செய்யும்போதும் ரேஷன் கடையில் விரல் வைக்கும்போதும் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையிலிருந்து பதில் சொல்கிற பெரிய கணினியைத்தான் சர்வர் அல்லது சேவையகம் என்கிறோம். அதன் மூளையான செயலியை, அதாவது சிப்பை, வெளிநாட்டிலிருந்து வாங்காமல் நாமே வடிவமைக்க வேண்டும் என்று வாரியத்தைத் தொடங்கினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ஒன்பது பேர் சிப்பை வடிவமைத்தார்கள். மீதிப்பேர் அந்த ஒன்பது பேரைக் கண்காணித்தார்கள், கண்காணிப்பவர்களுக்கு விடுப்பு வழங்கினார்கள், விடுப்பில் போனவர்களின் நாற்காலிகளைப் பாதுகாத்தார்கள்.

சிப்புக்குப் பெயர் வைக்க முதல் ஆண்டிலேயே ஒரு குழு அமைத்தார்கள். பதினேழு முறை அது கூடியது. தூய தமிழ்ப் பெயர் வேண்டும் என்று பாதிப்பேரும், டெல்லிக்காரர்கள் வாயில் நுழைகிற பெயர் வேண்டும் என்று மீதிப்பேரும் பிடிவாதமாக இருந்ததால், கடைசியில் 'தற்காலிகப் பெயர்' என்பதையே பெயராக ஏற்றுக்கொண்டார்கள். எல்லாக் கோப்புகளிலும் அது தற்காலிகப் பெயர்-1 என்றே அழைக்கப்பட்டது.

அதற்குள் எத்தனை கோர்கள் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு குழு. ஒரே நேரத்தில் வேலை செய்யும் தனித்தனிக் கணக்குப்பிள்ளைகள் போன்றவை கோர்கள். பொறியாளர்கள் பதினாறு கேட்டார்கள். அந்த வருடம் எல்லா அலுவலகங்களிலும் எல்லாவற்றிலும் பத்து சதவீதம் சிக்கனம் பிடிக்க உத்தரவு வந்திருந்தது. ஆகவே பதினான்கு புள்ளி நான்கு கோர்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். புள்ளி நான்கு கோர் என்று ஒன்றைச் செய்ய முடியாது என்று சேதுமாதவன் எழுதி அனுப்பினார். 'முயற்சி செய்யவும்' என்று பச்சை மையில் பதில் வந்தது. அவர் பதினாறாகவே வடிவமைத்துவிட்டு, கூடுதலானவற்றை உதிரிபாகம் என்று குறித்துக்கொண்டார்.

சேதுமாதவன் சிதம்பரம் கீழ வீதிக்காரர். தினமும் பேருந்தில் கடலூர் வருவார். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பதினாறு கோர்களும் ஒரே நினைவகத்தை ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்யும் பகுதி அவருடையது. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் பதினாறு பெண்கள் ஒரே குழாயடியில் குடத்தோடு நின்றால் என்ன நடக்குமோ அதுதான் அங்கேயும் நடக்கும். முண்டியடிப்பவள் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருப்பாள், பின்னால் நிற்பவள் நின்றுகொண்டே இருப்பாள்.

"எல்லாரும் வேகம் வேகம்ங்கறா, மலர். வேகம் தானா வந்துடும். யாரும் காத்துண்டே கிடக்கப்படாது, அவ்வளவுதான்" என்பார். அந்த அவ்வளவுதானுக்கு அவருக்கு ஏழு வருடம் பிடித்தது.

மலர்க்கொடி காடாம்புலியூர்ப் பெண். அப்பாவுக்கு இரண்டு காணி முந்திரி. சிப் வந்ததும் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது அவளுடைய பொறுப்பு. சிப்பே வராததால் பல வருடங்கள் அவள் கணினிக்குள் இருந்த அதன் வரைபடத்தையே சோதித்துக்கொண்டிருந்தாள். சேதுமாதவன் கட்டியதை உடைத்துப் பார்ப்பாள். உடைந்தால் மறுபடி கட்டுவார். பலாக்காலத்தில் அவள் பழம் கொண்டுவந்தால், அவர் மனைவி தாட்சாயிணி மறுநாளே அதை இலை அடையாக்கி டப்பாவில் கொடுத்தனுப்புவாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஏப்ரலில் சேதுமாதவன் தன் பகுதியை முடித்தார். மே பதினோராம் தேதி கொரோனாவில் இறந்தார்.

வரைபடத்தைத் தைவானில் உள்ள ஆலைக்கு அனுப்ப, படிவம் பதினெட்டில் பகுதிப் பொறுப்பாளர் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். அவர் வரவில்லை என்று அவர் வீட்டுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. தாட்சாயிணி இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பினாள். நகலில் சம்பந்தப்பட்ட அலுவலரே சான்றொப்பமிட வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படியே இரண்டு வருடங்கள் போயின. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் சேதுமாதவனை நீண்ட விடுப்பில் இருப்பவராகக் காட்டி, படிவத்தை நகர்த்தினார்.

இருபத்து நான்காம் வருடம் ஜனவரியில், ஒரு அட்டைப்பெட்டியில், நுரைப்பஞ்சுக்கு நடுவே இருபது சிப்புகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பிஸ்கட் அளவு.

சோதனைக்கூடத்தில் மலர்க்கொடிக்கு உதவியாக இருந்தவர் தேவசகாயம். ஒப்பந்த ஊழியர், ஐம்பது வயது, பற்றவைக்கும் கை நடுங்காதவர். பலகையில் சிப்பைப் பொருத்தி மின்சாரம் கொடுத்தார்கள். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. தேவசகாயம் ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைத்தார். இரண்டாம் தடவை திரையில் எழுத்துகள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று என்று கோர்கள் விழித்துக்கொண்டே வந்தன. பதினாறாவதும் விழித்தது. உள்ளே வருபவரின் பெயரைக் கேட்டுக் கோடு ஒன்று மின்னிக்கொண்டு நின்றது.

"மேடம், இது என்னா கேக்குது?"

"யாரு வந்துருக்கீங்கன்னு கேக்குது, அண்ணே."

தேவசகாயம் கையிலிருந்த பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். மலர்க்கொடி கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பதினொரு நாள் அதை ஓடவிட்டாள். குழாயடிச் சண்டை எத்தனை விதமாக மூட்ட முடியுமோ அத்தனையும் மூட்டிப் பார்த்தாள். ஒரு கோர்கூடக் காத்துக் கிடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் முனைவர் சபாபதி அப்போது வடலூர் சாலையில் வரவிருந்த புதிய வளாகத்தின் மாதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தெர்மாகோல் மரங்கள் இருந்தன.

"சார், சிப்பு ஓடுது."

"எங்க ஓடுது?"

"நல்லா ஓடுதுங்க சார். பதினாறு கோரும். பதினொரு நாளா ஒரு பிழைகூட வரல."

சபாபதி மரம் ஒன்றைப் பிடுங்கி வேறோர் இடத்தில் நட்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"யாரைக் கேட்டுக்கிட்டு ஓட வெச்சீங்க?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் மேசை இழுப்பறையிலிருந்து வாரியத்தின் தொடக்க ஆணையை எடுத்து நான்காம் பிரிவைக் காட்டினார். செயலி வெற்றிகரமாக இயங்கியதாகச் சான்றளிக்கப்பட்ட நாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் வாரியம் கலைக்கப்படும் என்று அதில் இருந்தது.

"இது வளர்ச்சி வாரியம்மா. வளர்ந்து முடிஞ்சிட்டா நமக்கு இங்க என்ன வேலை? புள்ள பொறந்த அன்னிக்கே தாயை வூட்ட வுட்டு அனுப்புற மாதிரி இல்ல?"

"அதுக்காக ஓடறத ஓடலன்னு சொல்ல முடியுங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்லச் சொல்லலியே. நான் நேர்மையானவன். ஓடுது, ஆனா எதிர்பார்த்தபடி ஓடல, அப்படித்தான் எழுதப்போறோம். ஓடும்னு இங்க யாருமே எதிர்பார்க்கல. இதுல பொய் எங்க இருக்கு?"

அந்த வாரமே தோல்வி உறுதிப்பாட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஐந்து உறுப்பினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சோதனைக்கூடத்துக்குள் வந்தார்கள். சிப் ஓடிக்கொண்டிருந்தது. மலர்க்கொடி ஒரு பெரிய கணக்கைக் கொடுத்தாள். அது முடித்தது. இன்னும் பெரியதைக் கொடுத்தாள். அதையும் முடித்தது.

"இது எப்ப நிக்கும்?" என்று நிர்வாகப் பிரிவு உறுப்பினர் கேட்டார்.

"நிக்காதுங்க சார்."

"நிறுத்தச் சொன்னாலும் நிக்காதா?"

"சொன்னா நிக்கும்."

'நிற்கும் தன்மை கொண்டது என்பது உறுதி செய்யப்பட்டது' என்று அவர் குறித்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பகுதிப் பொறுப்பாளர்களையும் வரவழைத்து, தோல்வி எந்தப் பகுதியில் என்று கேட்டார்கள். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட முடியாது. கணக்கிடும் பகுதிக்குப் பொறுப்பாளரான சாய்நாத் உடனே எழுந்தார். அடுத்த மாதம் தனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருப்பதாகவும், தன் பகுதியில் குறை என்றால் எழுத்துமூலம் ஆட்சேபிக்கப்போவதாகவும் சொன்னார். மின்சாரப் பகுதிக்காரரும் ஆட்சேபித்தார். கடிகாரப் பகுதிக்காரர் ஆட்சேபணையைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். எட்டுப் பகுதிகளும் ஆட்சேபித்த பிறகு ஒன்று மிச்சமிருந்தது.

"நினைவகக் கட்டுப்பாடு. யார் பொறுப்பு?"

"சேதுமாதவன் சார்" என்றாள் மலர்க்கொடி.

"அவர் ஆட்சேபிக்கிறாரா?"

"அவர் செத்து மூணு வருஷம் ஆகப்போவுதுங்க."

குழுத் தலைவர் பரிவோடு தலையை ஆட்டினார். பிறகு எழுத்தரிடம் திரும்பி, "ஆட்சேபணை இல்லைன்னு போட்டுக்குங்க" என்றார்.

"சார், இந்தச் சிப்புலயே அதுதான் சார் நல்ல பகுதி. அது இல்லன்னா இது ஓடவே ஓடாது."

"அப்ப இன்னும் பொருத்தமாப் போச்சு. முக்கியமான எடத்துல கோளாறுன்னு எழுதினாத்தான் அஞ்சு வருஷம் நீட்டிப்பு கேக்க முடியும். ஓரமா எங்கியோ கோளாறுன்னா ஆறு மாசத்துல சரி பண்ணுன்னுடுவான்."

அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் சோதனைப் பொறியாளர் மலர்க்கொடி. அவள் மறுத்துவிட்டாள். ஒன்பது நாள் மறுத்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. பத்தாம் நாள் காலை அறிவிப்புப் பலகையில் நாற்பத்தொரு ஒப்பந்த ஊழியர்களின் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. வாரியத்தின் எதிர்காலம் தெளிவாகாததால் இவர்களுடைய பணியும் மருத்துவக் காப்பீடும் மாதக் கடைசியில் முடிகின்றன என்று மேலே எழுதியிருந்தது. பதினாறாவது பெயர் தேவசகாயம்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.

தேவசகாயம் அன்றைக்கு வழக்கம்போல வந்தார், கம்பிகளைச் சுருட்டி வைத்தார், பலகையின் தூசியைத் துடைத்தார். பட்டியலைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் திரும்பி, "மேடம், நீங்க எதுக்கும் மனசக் கொழப்பிக்காதீங்க. அந்தப் பெரியவரு செஞ்சது ஓடுனத நம்ம ரெண்டு பேரு கண்ணால பாத்துட்டோம். போதும்" என்றார்.

அவர் கெஞ்சியிருந்தால் அவள் இன்னும் இரண்டு நாள் தாங்கியிருப்பாள். மறுநாள் உட்கார்ந்து இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். பொய்யாகவே இருந்தாலும் அவளால் அரைகுறையாக எழுத முடியவில்லை. காத்திருப்போர் வரிசை எப்படிச் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் கோர்கள் எப்படி நிற்கும் என்று படம் போட்டு விளக்கினாள். படித்தவர்கள் யாரும் சந்தேகப்பட முடியாதபடி இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்திட்டாள்.

தோல்வியடைந்த சிப்புகளை முப்பது நாளைக்குள் அழிக்க வேண்டும் என்பது விதி. குழுத் தலைவர் முன்னிலையில் அவளே இயந்திரத்தை நிறுத்தினாள். நிறுத்தச் சொல்லிக் கட்டளையைத் தட்டினாள். உடனே நிற்கவில்லை. திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன.

"என்ன பண்ணுது?" என்றார் தலைவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"பாதியில இருக்கறத எல்லாம் முடிச்சு எடுத்து வெக்குதுங்க சார். ஒண்ணும் தொலஞ்சிடக் கூடாதுல்ல."

நாற்பது விநாடியில் அது எடுத்து வைத்துவிட்டு அடங்கியது. துளைபோடும் கருவியால் இருபது சிப்புகளிலும் நடுவில் ஓட்டை போட்டது தேவசகாயம். அவருக்கு ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. அவருடைய கை அன்றைக்கு முதல் தடவையாக நடுங்கியது. நான்கு சிப்புகளில் ஓட்டை ஓரமாக விழுந்துவிட்டதால் அவற்றுக்கு இன்னொரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

நீட்டிப்பு ஆணை வந்ததும் விழா வைத்தார்கள். சபாபதி பேசினார். "வெற்றி எல்லா நிறுவனத்தையும் ஒருநாள் மூடிடும். நாம தோத்ததனாலதான் இன்னிக்கு இங்க நிக்கிறோம். இதே ஒற்றுமையோட, இதே உழைப்போட, தற்காலிகப் பெயர்-இரண்டுலயும் நாம தோக்கணும்" என்றபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிறந்த பிழை ஆய்வுக்காக மலர்க்கொடிக்குக் கேடயம் கொடுத்து, சால்வை போர்த்தினார்கள். புகைப்படக்காரர் அவளைச் சிரிக்கச் சொன்னார். அவள் சிரித்தாள்.

விதிப்படி அறிக்கையின் ஒரு பிரதி பகுதிப் பொறுப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. இனி இத்தகைய தவறு நேராவண்ணம் கவனமாகப் பணியாற்ற வேண்டும் என்ற எச்சரிக்கைக் கடிதமும் உடன் இருந்தது. தாட்சாயிணி சிதம்பரத்தில் தபால் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தாள். கணவனின் பெயருக்கு வந்த பதிவுத் தபாலை அவளே முத்திரை குத்தி, அவளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து மலர்க்கொடிக்குப் போன் வந்தது. "மலர், ஞாயித்துக்கிழமை ஒரு நடை வந்துட்டுப் போறியா? ஒண்ணு கேக்கணும்."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும், வாயைத் திறந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். உண்மையைச் சொல்லிவிடுவது. அதற்கப்புறம் மாமி என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது.

கீழ வீதி வீட்டின் கூடத்தில் சேதுமாதவனின் நோட்டுப் புத்தகங்கள் பாய் முழுக்கப் பரப்பிக் கிடந்தன. முப்பதுக்கு மேல் இருக்கும். நடுவில் அறிக்கை, ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு. தாட்சாயிணிக்குச் சிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அறிக்கையில் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக நோட்டுகளில் தேடியிருந்தாள்.

"உக்காரு. காபி கலக்கறேன்."

"வேணாம் மாமி. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க."

சொன்னாள். சிப் ஓடியதை, பதினொரு நாள் ஓடியதை, குழுவை, பட்டியலை, தேவசகாயத்தை, எல்லாவற்றையும் சொன்னாள். "அவரு செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல மாமி. நான்தான் பொய் எழுதினேன்" என்று சொல்லி முடித்தாள்.

 தாட்சாயிணி நகர்ந்து வந்து மலர்க்கொடியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீ இப்படித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். அவர் மேல உனக்கு எவ்வளவு பிரியம்னும் தெரியும்."

"மாமி, நெஜமாத்தான் சொல்றேன்."

"ஓடற சிப்ப யாராவது ஓடலேன்னு எழுதுவாளா? அதுவும் ஆபீசே சேர்ந்து? ஒரு கதைன்னாலும் நம்பறாப்ல இருக்க வேண்டாமா, மலர்?" அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். "இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கே. எல்லாப் பக்கத்துலயும் உன் கையெழுத்து. முப்பது வருஷமா கையெழுத்தப் பார்த்துத்தான் நான் வேலை பண்ணிண்டிருக்கேன். பொய்யாப் போட்ட கையெழுத்து இவ்வளவு அழகா இருக்காது."

"அப்ப நேர்ல வாங்க, காட்டறேன்" என்று வாய்வரை வந்தது. காட்டுவதற்கு ஓட்டை போட்ட இருபது பிஸ்கட்டுகள்தான் இருந்தன.

தாட்சாயிணி ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தாள். "எங்கே தப்பு பண்ணினார்னு தெரிஞ்சா போறும் எனக்கு. நாலு நாளா தேடறேன். இங்கே பாரு, இந்த எடத்துல ஒண்ணு எழுதி, அடிச்சுட்டு, வேற எழுதியிருக்கார். உன் அறிக்கையில பதினாலாம் பக்கத்துல வரிசைன்னு வர்ற எடம் இதுதானே? அடிக்காம விட்டிருந்தா சரியா இருந்திருக்குமோ?"

மலர்க்கொடி பார்த்தாள். அடித்ததற்குக் கீழே எழுதியிருந்தது, யார் அதிக நேரம் காத்திருக்கிறாரோ அவரை முன்னே கொண்டுவரும் வரி. பதினொரு நாள் பிழையில்லாமல் ஓடியது அந்த வரிதான்.

"இதுதானே?"

மலர்க்கொடி நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"சொல்லிடும்மா. ஆறுதல் சொல்லாதே. ஆறுதல் சொன்னா நான் இன்னும் தேடிண்டேதான் இருப்பேன். தெரிஞ்சுட்டா இதையெல்லாம் கட்டி மேல வெச்சுடுவேன். இதுதானே தப்பு?"

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தாட்சாயிணியின் கண்ணுக்குக் கீழே நான்கு நாள் கருமை இருந்தது.

"ஆமா மாமி. இதுதான்" என்றாள் மலர்க்கொடி.

தாட்சாயிணி பெருமூச்சு விட்டாள். பென்சிலை எடுத்து அந்த வரியின் கீழே மெல்லக் கோடு இழுத்து, பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டாள். கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனூண்டு தப்புதானா? அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரைமணியில சரி பண்ணியிருப்பாரே."

"பண்ணியிருப்பாரு மாமி."